கஜானியின் இடது கண்

ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெயசுதன் ஒரு செயற்கைக் கண்ணுக்கு நரம்பு வைத்துக்கொண்டிருந்தான். மனைவி றஜிதாவின் பழைய சிவப்புச் சேலை முந்தானையிலிருந்து உருவிய பட்டு நூல். ஓர் இழையை நகத்தால் கீறிப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, இனிப் பிரிக்க ஒன்றுமில்லை என்கிற இடத்தில் நிறுத்தி, ஊசி முனையில் எடுத்து வெண்விழியின் மேல் படுக்கவைக்க வேண்டும். நேராக வைத்தால் பொம்மைக் கண் ஆகிவிடும். மனிதக் கண்ணின் நரம்பு நேரே போவதில்லை. கொஞ்சத் தூரம் போய், யோசித்து, வளைந்து, இரண்டாகப் பிரிந்து காணாமல் போகும். அதை வைக்கிற நேரத்தில் மானிப்பாய்ச் சந்தியில் பஸ்கள் போட்டிபோட்டு ஹோர்ன் அடித்தாலும் அவனுக்குக் கேட்காது.

றஜிதா வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து தோளைத் தொட்டாள். தொட்டால்தான் கேட்கும் என்பது கலியாணம் முடித்த புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, ஒரு ஆள் வந்திருக்கிறா. உங்களோடை படிச்சவவாம்."

"ஆர்?"

"பேர் சொல்லேல்லை. பேங்கிலை வேலையாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறா."

அவனோடு வர்த்தகப் பிரிவில் படித்தவர்களில் பாதிப் பேர் வங்கியில்தான் இருந்தார்கள். மற்றப் பாதி கனடாவில். அவன் ஊசியைப் பஞ்சில் குத்திவைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில், தையற்கடையை ஒட்டிய சின்ன வாடகை வீடு அது. முன்னறை றஜிதாவின் ராச்சியம். ஆர் எப்போது வர வேண்டும், ஆரிடம் எவ்வளவு வாங்க வேண்டும், கொழும்பிலிருந்து வரும் பொருட்கள் எப்போது முடியும் என்பதெல்லாம் அங்கே அவளுடைய தலைக்குள் இருந்தது. உள்ளறையில் இலக்கம் என்று ஒன்று கிடையாது. கருவிழியின் அளவைக்கூட அவன் இலக்கத்தில் வைத்திருக்கவில்லை. அளவு பார்க்கிற கறுப்பு வட்டுகளைச் சின்னதிலிருந்து பெரிது வரை டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மீனின் பெயரை எழுதி ஒட்டியிருந்தான்: சூடை, கீரி, விளை, பாரை. குருநகரில் பிறந்தவனுக்கு மீன் அளவு பிழைக்காது. மதுரையில் அவனுக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய அம்மையாரிடம் ஒருமுறை தொலைபேசியில், "விளை முடிஞ்சுபோச்சு அம்மா, பாரையைத் தேய்ச்சு எடுத்தனான்" என்று சொல்ல, அவர் வெகுநேரம் சிரித்திருக்கிறார்.

வந்தவள் ஜன்னலுக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். வங்கிக்காரர் கட்டும் ஒரேமாதிரிச் சேலை. கைப்பையை மடியில் வைத்து, ஆரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்த உடனேயே அதை எங்கேயோ கண்டதுபோல அவனுக்குப் பட்டது. ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இடது இமை உள்ளே விழுந்து மூடியிருந்தது. வலது கண் அவனை நேராகப் பார்த்தது.

"தெரியுதோ சுதன்?"

"கஜானி," என்றான்.

"பரவாயில்லை, மறக்கேல்லை. நான் சண்டிலிப்பாயிலைதான் இருக்கிறன். கொழும்பிலையிருந்து மாற்றம் எடுத்துக்கொண்டு வந்து கன காலம். நீர் இஞ்சை, இவ்வளவு கிட்ட இருக்கிறீர் எண்டு தெரியாது. கண் டொக்டர்தான் உம்மடை பேரைச் சொன்னவர். சொன்ன உடனை சிரிச்சுப்போட்டன். ஏன் சிரிக்கிறீங்கள் எண்டு கேட்டார்."

"ஏன் சிரிச்சனீர்?"

"எங்கடை கணக்கீட்டு வகுப்பிலை எல்லாரும் என்ன என்னவோவா வந்தம். நீர் கண் செய்யிறீர் எண்டு கேக்கச் சரியாத்தான் இருக்கு எண்டு பட்டிது. அதுதான்."

கண் எப்படிப் போனது என்பதை அவள் வேறு ஆருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். வீட்டு முற்றத்தில் திராட்சைக் குலை தொங்கும் முந்திரிகைக் கொடி இருக்கிறது. கொப்பு வெட்டும்போது ஒரு காய்ந்த சுள்ளி திரும்பி வந்து கண்ணில் அடித்தது. சின்ன வலிதான். அது டிசம்பர் மாதம், வங்கியில் வருடக் கடைசிக் கணக்கு முடிக்கிற நேரம். கண் சிவந்து தண்ணீர் வடிய வடிய அவள் கணினிக்கு முன்னால் இருந்தாள். முடியட்டும், முடித்துவிட்டுக் காட்டுவோம் என்று நினைத்தாள். முடித்துவிட்டுக் காட்டியபோது பூஞ்சணம் உள்ளே போயிருந்தது. யாழ்ப்பாணத்திலும் பார்த்து, கொழும்புக்கும் கொண்டுபோய், கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

"கணக்கு மட்டும் சரியா முடிஞ்சிது," என்றாள். "இப்ப பின்னறையிலை இருக்கிறன். முன்னுக்கு இருக்க மாட்டன் எண்டு நானாத்தான் கேட்டு வாங்கினனான். இலக்கங்கள் நல்லம் சுதன். அதுகள் என்னைப் பாக்கிறேல்லை."

பிறகு கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டு, அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரே மகள். தேனுஜா, ஏழாம் வகுப்பு. தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் ஓடிவந்தவள், கட்டு அவிழ்த்த பிறகு முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள், தலை இழுத்துவிடச் சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாள். ஆனால் எல்லாம் நிலத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, தாயின் கையைப் பார்த்து.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதைச்சாலும் பாக்கிறாள் இல்லை. பயப்பிடுறாளோ, அழுதுபோடுவன் எண்டு நினைக்கிறாளோ தெரியேல்லை. கேட்டால் ஒண்டுமில்லை அம்மா எண்டுறாள். எனக்கு ஊர் பாக்காட்டிப் பரவாயில்லை."

ஜெயசுதன் எழுந்து கையைக் கழுவப் போனான். கழுவத் தேவையில்லாத கை.

சமாதான காலம் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் அந்தச் சில வருடங்களில்தான் அவர்கள் படித்தார்கள். போர் நின்று, கொழும்புப் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து பஸ் நேராக வந்தது. வெளிநாட்டு மாமாமார் வாசனைப் பவுடர் மணக்க வந்து இறங்கினார்கள். பின்னேரங்களில் யாழ்ப்பாணப் பட்டணத்து ஒழுங்கைகள் எல்லாம் சைக்கிள்களால் நிறைந்திருந்தன. தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டறி வாசலில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் அந்தச் சைக்கிள் குவியலில் தன்னுடையதை இழுத்தெடுப்பதே ஒரு விளையாட்டு. ஒன்றை இழுத்தால் முழு வரிசையும் சரியும். பெடியன்கள் கூவுவார்கள். பெட்டைகள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். எந்த நேரமும் திரும்பவும் சண்டை தொடங்கலாம் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதினேழு, பதினெட்டு வயதில் அது ஆருக்குத் தெரியும்? தகரக் கூரைக்கு மேலே வேப்பம்பழம் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம்தான் அவனுக்கு இப்போதும் ஞாபகம்.

வர்த்தகப் பிரிவுக்கு அவனை அனுப்பியது அவனுடைய தகப்பன் அடைக்கலநாதன். "கடலுக்குப் போறவன் ஒருநாள் திரும்பி வராமல் நிப்பான். பேங்குக்குப் போறவன் நாலு மணிக்கு வீட்டிலை நிப்பான்" என்பது அவருடைய கட்சி. சாதாரண தரச் சோதனையில் கணிதத்தை இரண்டாம் முறைதான் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினவன் கணக்கீடு படிப்பதெப்படி என்று அவருக்கு ஆரும் சொல்லவில்லை. ஜெயசுதன் சோம்பேறி இல்லை. சின்ன வயதிலேயே வேதக் கோயிலில் நிறம் மங்கிப்போன சொரூபங்களுக்குத் தீந்தை பூசுகிறவர்களோடு போய், ஒரு சம்மனசின் சிறகை விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அசையாமல் இருந்து தீட்டியவன். ஆனால் இலக்கங்களைக் கண்டால் அவனுக்கு வலையில் விழுந்த சூடைமீன் கூட்டம் மாதிரித்தான் இருக்கும். எல்லாம் ஒரேமாதிரி, எல்லாம் துள்ளும். எதைப் பிடித்தாலும் வழுக்கும். அவனுடைய ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒருநாளும் சமப்பட்டதில்லை.

கணக்கீடு படிப்பித்த பஞ்சலிங்கம் மாஸ்டர் ஒருநாளும் அவனை அடித்ததில்லை. கரும்பலகையில் பேரேட்டுக்குக் கோடு போட அவனைத்தான் கூப்பிடுவார். அடிமட்டம் இல்லாமல் நேராகப் போடுவான். கோட்டைப் போட்டுவிட்டு அவன் இறங்க, இலக்கம் எழுத மாஸ்டர் கஜானியைக் கூப்பிடுவார். "உமக்குக் கவனம் இல்லையெண்டு ஆரும் சொன்னால் நான் நம்பமாட்டன் ஜெயசுதன்," என்று ஒருநாள் சொன்னார். "உம்மடை கவனம் வேறை எங்கையோ போய் நிக்குது. எங்கை எண்டுதான் தெரியேல்லை."

எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் உட்காரும் நீட்டு வாங்கின் ஓரத்தில், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தாள் கஜானி. நாலரை மணிக்குத் தகரத்தில் ஆணி போன ஓட்டையால் வெயில் இறங்கி அவளுடைய முகத்தின் இடது பக்கத்தில் விழும். அப்போது அந்தக் கண் பனங்கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த நிறமாக மாறும். அவன் பென்சிலால் அதை வாங்குப் பலகையில் வரைவான், வகுப்பு முடிகிறபோது விரலால் தேய்த்து அழிப்பான். மறுநாள் திரும்பவும். அவள் தன்னுடைய கணக்குக் கொப்பியை அவனிடம் கொடுப்பாள், பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி. சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, நெற்றியில் விபூதி. குருநகர்க் கடற்கரைப் பெடியன், கழுத்தில் செபமாலை. அதைப் பற்றி ஆரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஓர் ஆகஸ்ட் மாதம் சண்டை மறுபடி தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. ஊரடங்கு. ரியூட்டறி வாசலில் சைக்கிள் இல்லை. கஜானி வீட்டார் கப்பலில் திருகோணமலை போய்க் கொழும்புக்குப் போய்விட்டதாக எப்போதோ கேள்விப்பட்டான். அவனுடைய உயர்தரச் சோதனை முடிவு வந்தபோது அதைப் பார்த்து வருத்தப்படத் தகப்பனுக்குக்கூட நேரமிருக்கவில்லை. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். அதற்குப் பிறகு ஒரு செயற்கைக் கால் செய்யும் நிலையத்தில் ஆள் தேவை என்று செபஸ்தியம்மா மாமி சொல்ல, போனான். கணக்கு வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும் என்றார்கள். கால்களுக்குத் தோல் நிறம் பூசினான். ஒவ்வொரு காலுக்கும் அந்த ஆளின் மற்றக் காலைப் பார்த்துப் பார்த்து. இந்தியாவிலிருந்து வந்த ஒரு வைத்தியர் அதைக் கண்டு, இவனுக்குக் கண் செய்யப் பழக்கினால் என்ன என்று கேட்டார். மதுரைக்குப் போனான். முதல் கண்ணை முடித்த நாளில், ஒரு வேலை தனக்காக இத்தனை காலம் ஓரிடத்தில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது என்று பட்டது. அன்றைக்கு அவன் பஞ்சலிங்கம் மாஸ்டரை நினைத்துக்கொண்டான்.

பல் வைத்தியர்கள் அச்செடுக்கப் பாவிக்கும் பசையால் அவன் கஜானியின் கண்குழியை அச்செடுத்தான். மெழுகில் வடிவம் செய்து வைத்துப் பார்த்தான். இமை எவ்வளவு திறக்கிறது, மேலே பார்க்கும்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் செதுக்கினான். அதற்குப் பிறகு நிறம். நிறத்துக்கு வழமையாக ஆளை ஒரு முழுக் காலைப்பொழுது ஜன்னலுக்கு முன்னால் இருத்திவைப்பான். மற்றக் கண்ணைப் பார்ப்பான், ஒரு புள்ளி வைப்பான், பார்ப்பான், ஒரு புள்ளி வைப்பான். எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் விட்டுக்கொடுப்பதில்லை. கஜானி வங்கியில் லீவு கேட்க வேண்டும் என்று இழுத்தபோது, "வரத் தேவையில்லை, எனக்குத் தெரியும்," என்றான்.

முன்னறையில் இருந்த றஜிதா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க அவன் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. கறுப்பு வட்டின் மேல் கடும் மண்ணிறம், அதன் மேல் செம்மண்ணிறம், பிறகு பாவையைச் சுற்றி மெல்லிய பொன்மஞ்சள் கதிர்கள். கை தானாகப் போனது. தகர ஓட்டையால் வந்த நாலரை மணி வெயிலை அவன் மறுபடி கண்டான். வேப்பம்பழம் விழும் சத்தத்தைக் கேட்டான். வெண்விழியைப் பால் நிறத்தில் எடுத்து, நரம்பை ஒன்றிரண்டோடு நிறுத்தினான். மேலே கண்ணாடிபோலப் பூச்சை ஊற்றி, அவித்து, மினுக்கி எடுத்துப் பார்த்தபோது இதுவரை செய்ததிலேயே இதுதான் நல்ல கண் என்று அவனுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் ஈரத்துணியில் வைத்து றஜிதாவுக்குக் காட்டினான்.

அவள் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். "நல்ல வடிவு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆருக்கு?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி? கஜானிக்கு."

"ம்," என்றுவிட்டு அவள் அவனுடைய சோற்றுக்குச் சொதியை விட்டாள்.

கஜானி வந்தாள். கண்ணைப் பொருத்தி, இமையைச் சரிசெய்து, கைக்கண்ணாடியைக் கொடுத்தான். அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவளுடைய வாய் சிரிக்கத் தொடங்கியது, பிறகு பாதியில் நின்றது.

"சுதன், இது எங்கடை தேனுஜான்ரை கண்."

அவனுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"அவளுக்கு இப்பிடித்தான் இருக்கு. இதே நிறம். எனக்கும் அப்ப இப்பிடி இருந்ததோ?" விரலால் கண்ணாடியில் தன்னுடைய முகத்தைத் தொட்டாள். "இருந்திருக்கும் என்ன. நான் மறந்துபோனன். எப்பிடி உமக்கு ஞாபகம்?"

அவன் எழுந்து பின்னால் போய், வாசல் வரை தள்ளி நின்று அவளைப் பார்த்தான். செய்கிற ஒவ்வொரு கண்ணையும் அப்படித் தள்ளிநின்று பார்ப்பது அவனுடைய வழக்கம். இன்றைக்குத்தான் அந்த வலது கண்ணையும் முதன்முதலாகப் பார்த்தான். கணினிக்கு முன்னால் வருடக்கணக்காக இருந்து களைத்த ஒரு பெண்ணின் கண். அதற்குப் பக்கத்தில், பதினெட்டு வயதுப் பெட்டை ஒருத்தி விழித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டுவம்," என்றான்.

"ஏன்? எனக்கு உது பிடிச்சிருக்கு."

"ரெண்டும் சேரேல்லை கஜானி. தூர நிண்டு பாக்கத் தெரியுது."

"பரவாயில்லை. இதோடையே போறன். ஆர் பாக்கப்போகினம்?" அவளுடைய குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்துக்குள் வேறு என்னவோவும் இருந்தது. கைக்கண்ணாடியை அவள் கீழே வைக்கவில்லை. "நான் கூட இந்தப் பழைய கஜானியைக் கண்டு எத்தினை வருசம்."

அவன் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"பிள்ளை உம்மடை முகத்தைப் பாக்க வேணும் எண்டுதானே வந்தனீர். இதைப் போட்டுக்கொண்டு போனால் உம்மடை முகத்திலை ரெண்டு பேர் நிண்டு பாக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அவள் தேடுறது உம்மை. நான்... நான் உம்மைப் பாத்துச் செய்யேல்லை. பிழை என்னிலைதான்."

கஜானி தானே இமையை இழுத்து, அவன் காட்டிக்கொடுத்தபடி கண்ணை வெளியே எடுத்து, அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

அவள் போன பிறகு அவன் அதைச் சாணைக்குக் கொண்டுபோனான். வெண்விழியின் உடம்பு சரியாகத்தான் பொருந்தியிருந்தது. அதை வீணாக்கத் தேவையில்லை. கருவிழியைத் தேய்த்தெடுத்துவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுதலாம். எத்தனையோ தரம் செய்த வேலை. சாணை சுற்றத் தொடங்கியதும் மேல்பூச்சு வெள்ளைத் தூளாகப் பறந்தது. பிறகு பொன்மஞ்சள், பிறகு செம்மண். அவனுடைய விரல்களிலும் மூக்கிலும் மண்ணிறத் தூள் படிந்தது. றஜிதா வாசலில் வந்து நின்றாள். சாணைச் சத்தத்தில் அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. அவன் நிறுத்தித் திரும்பியபோது அவள் ஒரு ஈரத்துணியை நீட்டினாள்.

"வாற சனிக்கிழமை அவவுக்கு லீவாம். போன் எடுத்துக் கேட்டனான். காலமை வாறாவாம்," என்றாள்.

சனிக்கிழமை காலை கஜானி ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலையை எங்கே வைத்திருக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னான். "என்னைப் பாரும்" என்பதுதான் அவன் எல்லோரிடமும் சொல்வது. அவளிடமும் அதைத்தான் சொன்னான்.

ஒரு கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது ஓர் ஆளுடைய கண்ணாக இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேலை நடக்கும். அன்றைக்கு அந்த இடத்துக்குப் போக அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பனங்கட்டி நிறம் போய்விட்டிருந்தது. இப்போது அது நன்னாரித் தண்ணீரின் நிறம். கருவிழியின் ஓரத்தில், சாம்பலைத் தொட்டு இழுத்ததுபோல ஒரு மெல்லிய வளையம் கட்டத் தொடங்கியிருந்தது. மூக்குப் பக்கத்து வெண்விழியில் கடுகளவு ஒரு மச்சம். அதை அவன் ஒருநாளும் கண்டதில்லை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டிய மச்சம். வெள்ளை வெள்ளையாக இல்லை, பழைய தந்தத்தின் மஞ்சள் ஏறியிருந்தது. நரம்புகள் நிறைய. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினான்.

"கதைக்கலாமோ?" என்று அவள் கேட்டாள்.

"தலையை ஆட்டாமல் கதையும்."

"உமக்கு ஒண்டு தெரியுமே. அந்த நேரம் நீர் ஒருநாளும் என்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சதில்லை."

தூரிகை நின்றது.

"கொப்பி தரேக்குள்ளையும் நிலத்தைப் பாத்துத்தான் வாங்குவீர். திருப்பித் தரேக்குள்ளையும் நிலம்தான். உமக்கு என்னைப் பிடிக்காதாக்கும் எண்டுதான் நான் நினைச்சனான். பிறகும் ஏன் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டினன் எண்டு எனக்கே தெரியாது." அவள் தலையை அசைக்காமல் சிரித்தாள். சிரிப்பில் கண்ணின் கீழ் விளிம்பு கொஞ்சம் மேலே ஏறியது. அதையும் அவன் கவனித்தான். "பக்கத்திலையிருந்து பாத்திருப்பீர்போலை. போனமுறை நீர் செய்தது பக்கத்துக் கண். வெயில் பட்ட கண்."

வாங்கில் அவன் வரைந்ததும் அழித்ததும் அவனுக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தான். அதைப் பற்றி இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுடைய மனதில் இருந்த கண் நேரே பார்த்து எடுத்தது அல்ல, அங்கே இங்கே களவாகப் பார்த்துச் சேர்த்துக் கட்டியது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது ஒருவேளை கஜானியுடையதாகவே இருந்திருக்காது. தகர ஓட்டையால் வந்த வெயிலின் நிறமாக மட்டும்கூட இருந்திருக்கலாம். அப்படி நினைத்தபோது அவனுக்குத் துக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். துக்கம் இருந்தது. ஆனால் அதோடு, பாரம் ஏற்றின சைக்கிளை ஓரிடத்தில் சாத்திவிட்டு நிமிர்ந்ததுபோல ஓர் இலேசும் இருந்தது.

"இப்ப பாக்கிறன்தானே," என்றான்.

"ஓம். இப்ப பாக்கிறீர்," என்றாள் அவள். றஜிதா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கஜானிக்குப் பக்கத்தில் நின்று அவன் எழுதுகிற கண்ணையும் அவளுடைய கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "மச்சம் இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு," என்றாள். பார்த்தால் அவள் சொன்னது சரி.

கண்ணைக் கொதிநீரில் அவித்து, மினுக்கித் தயாராக்கியபோது அடுத்த கிழமையும் பாதி போய்விட்டிருந்தது. அன்றைக்குக் கஜானி தனியாக வரவில்லை. கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு வீதியிலேயே நின்றார். மகளும் வந்திருந்தாள். ஒல்லியான பிள்ளை, இரட்டைப் பின்னல். உள்ளே வரச் சொல்லி றஜிதா கூப்பிட, "இல்லை அன்ரி, இஞ்சையே நிக்கிறன்," என்று தையற்கடைப் பக்கம் போய், கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயசுதன் கண்ணைப் பொருத்தினான். வாசல்வரை தள்ளிப் போய்ப் பார்த்தான். ஒன்றும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை. களைத்த ஒரு பெண் இரண்டு கண்ணாலும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கண்ணாடியை நீட்டினான். கஜானி வாங்கினாள், ஆனால் முகத்துக்கு நேரே தூக்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பாக்கேல்லையோ?"

"நீர் பாத்தனீர்தானே. எனக்கு அது காணும்."

அவள் எழுந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். றஜிதாவோடு முன்னறையில் ஏதோ கதைத்துவிட்டு, போட்டுவாறன் என்று சொல்லி வெயிலுக்குள் இறங்கினாள்.

அவன் ஜன்னலுக்கு வந்தான். கணவர் தொலைபேசியில் ஆரோடோ கதைத்துக்கொண்டு, கஜானியைப் பார்த்துத் தலையசைத்து, ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு நாடிக்குக் கீழே கொளுக்கியைப் பூட்டப் பார்த்தாள். ஒரு முனை மற்ற முனையைக் காணாமல் வழுக்கியது. மறுபடி பூட்டப் பார்த்தாள், மறுபடி வழுக்கியது. ஒரு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு சண்டிலிப்பாய்ப் பக்கம் போனது.

தையற்கடைக் கண்ணாடியில் அந்தப் பிள்ளை தாயைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தாள். குனிந்தபடியே வந்து, தாயின் சேலை மடிப்புக்கு நேரே வந்து நின்றாள். கஜானியின் கைகள் கொளுக்கியை விட்டுவிட்டுக் கீழே இறங்கின. பிள்ளை கையைத் தூக்கி இரண்டு முனைகளையும் பிடித்தாள். பூட்டுவதற்கு நிமிர வேண்டியிருந்தது.

ஜன்னலிலிருந்து ஜெயசுதனுக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியவில்லை. பின்னுக்குச் சாய்ந்த தலையும், முதுகில் விழுந்து கிடந்த இரட்டைப் பின்னலும், தாயின் நாடிக்குக் கீழே இருந்த சின்ன விரல்களும்தான் தெரிந்தன. கணவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கொளுக்கி பூட்டுப்பட்டுவிட்டிருக்க வேண்டும். ஆனாலும் விரல்கள் அந்த இடத்தை விட்டு இன்னும் எடுபடவில்லை.